கேட் போட்டிருந்தார்கள்

முதலில் பிடித்த அறை மாடியில்.
வாடகை குறைவு, கீழே பூச்சிமருந்துக் கடை.
இரண்டு நாற்காலி, ஒரு மேசை,
மலையே இல்லாத ஊரில்
சுவருக்கு ஒரு பனிமலைப் படம்.
போதும் என்றுதான் நினைத்தேன்.

ஏழாவது படியில் நின்றுவிட்டார் அவர்.
பெயரை இங்கே எழுத மாட்டேன்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
"இதே வாடைதான் மேடம், அன்னைக்கு வீடு முழுக்க"
என்றவர் திரும்பி இறங்கிப் போனார்.
எனக்கோ அந்த வாடை
பழகிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

கொடுத்த அட்வான்ஸ் திரும்பவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
டைப்ரைட்டிங் வகுப்பு நடந்த கூடம் கிடைத்தது.
படி கிடையாது.
பெயின்ட் கடையில் பச்சை நல்லது, கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்கள்.
வேண்டாம் என்றேன். இங்கே பச்சை என்றால் கடன்.
வடித்த கஞ்சியின் நிறம் ஒன்று இருந்தது,
அதை அடித்தோம்.
ஜெகபர் டியூப் லைட்டைக் கழற்றி
"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது, அவ்ளோதானே" என்றார்.
அதுவரை எனக்கே அப்படிச் சொல்லத் தெரியவில்லை.
உத்தரத்து ஃபேன் கொக்கியையும் எடுத்துவிடச் சொன்னேன்.
ஒரு நிமிடம் அதையே அண்ணாந்து பார்த்தவர்
ஏன் என்று கேட்காமல் ஏணியில் ஏறினார்.
சிமென்ட் பூசிய வட்டம்
இன்னும் தனியாகத் தெரிகிறது.

சம்பா அறுப்பு முடிந்து, மாசியில், மறுபடி வந்தார் அவர்.
நான் போட்ட இடத்தில் உட்காரவில்லை.
நாற்காலியைத் தரை கீற இழுத்துக்கொண்டு போனார்,
கதவு கண்ணில் படுகிற மூலைக்கு.
அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினார்.

பேசத் தொடங்கும்போது கேட் விழுந்தது.
பஸ், டிராக்டர், ஆம்புலன்ஸ், எல்லா ஹாரனும் உள்ளே.
திரைச்சீலை இரட்டையாகப் போட்டும் பயனில்லை.
மன்னிப்புக் கேட்டேன்.

"இருக்கட்டும் மேடம்.
இந்தச் சத்தத்துல நான் அழுவுறது எனக்கே கேக்கல.
எங்க போனேன்னு மாமியார் கேட்டா
கேட் போட்டுட்டாங்கன்னு சொல்லிக்குவேன்.
அதுக்கு மேல இந்தப் பக்கம்
யாரு யாரைக் கேக்கப் போறா?"

நெல் ஏற்றிய கூட்ஸ்
இஞ்சின் மாற்றிக்கொண்டே இருந்தது.
நாற்காலி இடம் மாறியதில்
கடிகாரம் என் முதுகுப்பக்கம் போயிருந்தது.
மணி என்னவென்று அவருக்குத்தான் தெரியும்.
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.