குறுக்கு: இல்லை

மூன்று பக்கம்தான்.
பச்சைத்தாளில் அடித்து எடுத்துக்கொண்டு
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி
கோத்தகிரியில் இறங்கி வந்திருக்கிறாள்.
"எம். போஜன், பி.ஏ., பி.எல்., ஆகிய நான்
உளமார உறுதி கூறுவதாவது"
என்று என்னைத் தொடங்கி வைத்திருக்கிறாள்.
அவள் எழுதிய நான்
என்னைவிடத் தெளிவாகப் பேசுகிறான்.

பெனடிக்டா என்று பெயர்.
கட்சிக்காரர் மருதைவீரன், த/பெ சன்னாசி.
தேயிலை ஃபாக்டரி, வாட்டும் தொட்டி, இரவு ஷிஃப்ட்.
ஆயுள்.
எனக்கு முகம் நினைவில்லை.
காதோரம் தேயிலைத் தூசி இருந்த ஒருவன்,
அது அவன்தானா, வேறு எவனுமா.

சாட்சி மூன்று, லாரி கிளீனர்.
ஐப்பசி, ராத்திரி ரெண்டு மணி, கெங்கரை ரோடு:
"நாப்பதடி தள்ளி இவரத்தான் பாத்தேன்."
இங்கேயே பிறந்தவன் நான்.
அந்த ரோட்டில் அந்த மாசத்தில் அந்நேரத்தில்
காலில் கிடப்பது ஒரே ஜோடிச் செருப்புதானா என்று
குனிந்துதான் பார்க்கவேண்டும்.
ஒரே ஒரு கேள்வி.
ஆவணத்தில் என் இடத்தில் இருப்பது இரண்டு சொல்.
குறுக்கு: இல்லை.

"ரெண்டு மணிக்கு வெட் பல்பு, டிரை பல்பு பாத்து
நோட்டுல நாந்தாங்கய்யா எழுதினேன்,
நோட்ட வரவழைங்க" என்றிருக்கிறான் கம்பிக்குள்ளிருந்து.
சரி என்றேனாம்.
ஃபாக்டரி பூட்டி மூன்று வருஷம்.
நோட்டெல்லாம் எடைக்குப் போயாயிற்று.

இலவச சட்ட உதவிக்கு என்ன தருவார்கள் என்று
சொல்லிப் பார்த்தேன்.
"தெரியும் சார்."
'திறமையின்மை' மேல் விரல் வைத்தேன்.
"கவனக்குறைவுன்னு போடலாமே."
"போடலாம் சார்."
"சூழ்நிலை காரணமாக..."
"அது வேண்டாம் சார். சூழ்நிலை உள்ளே போகலை."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு நாள் தாமதம்.
அதை மன்னிக்கத் தனி மனு. மாதிரிப் படிவம் உண்டு அதற்கு.
ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள்.
அவன் பெண்சாதி ஆடு விற்றது, தோடு அடகு வைத்தது,
குமாஸ்தா ஒருவன் பணத்தோடு காணாமல் போனது
என்று நாட்களை நிரப்பியிருந்தாள்.
என் ஒரு நாளுக்கு, பத்தி ஏழு:
'மேற்படி தேதியில் கடும் காய்ச்சல் காரணமாக.'

இரக்கப்பட்டு எழுதியிருக்கிறாள்.
காய்ச்சல் நல்ல சொல்.
எவனும் தொட்டுப் பார்க்கப் போவதில்லை.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.
ஊட்டியில், கோர்ட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்,
சார்பதிவாளர் ஆபீஸ் பெஞ்சில் இருந்தேன்.
வெளியூர்க்காரர் ஒருவருக்கு காட்டேஜ் கிரயம்.
டோக்கன் பதினொன்று. ஏழாயிரம் ரூபாய், கையில்.
டவாலி மூன்று தரம் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.
ஈரக்காற்றில் குரல் நன்றாக வரும்.

"நீயே ஏதாவது கேக்கறியா?" என்றாராம் ஜட்ஜ்.
"எங்க வக்கீலய்யா வந்திருவாங்க" என்றானாம்.
ஜெயிலில் இவளிடம் சொல்லியிருக்கிறான்,
புகாராக அல்ல, சும்மா.

பேனாவை எடுத்துக் காய்ச்சலை அடித்தேன்.
குளிரில் மை இறங்கவில்லை.
உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி
மேலே பொடி எழுத்தில் எழுதினேன்:
ஆபீஸ், டோக்கன், தொகை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து,
"அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்துல
சுருக்கொப்பம் சார்."
எம்.போ.

"இது போதுமா?"
"தெரியாது சார். பெரும்பாலும் ஏத்துக்க மாட்டாங்க."

கடைசி பஸ் ஐந்தே முக்கால்.
குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள்.
என் வாசலுக்கும் கேட்டுக்கும் நாற்பதடி இருக்கும்.
பாதியிலேயே ஆள் தெரியவில்லை.
கொண்டி விழுந்த சத்தம் மட்டும் வந்தது.
அவள் போட்டதாகத்தான் இருக்கவேண்டும்.