எட்டடி தூரம்

வியாழக்கிழமை. குன்னூர் ஏலம்.
கோத்தகிரியில் என் மேசையில் ஆறிப்போன டீ.
லாட் முந்நூற்று எட்டு, டஸ்ட், நாற்பது மூட்டை.
நூற்றுநான்கு ரூபாய் என்று அழுத்தினேன்.
திரை யோசித்தது.
அது யோசித்து முடிப்பதற்குள்
ஈரோட்டுக்காரர் யாரோ வாங்கிப் போய்விட்டார்,
நூற்றுமூன்று ஐம்பதுக்கு.

திருப்பூரிலிருந்து முதலாளி:
"தூங்கிட்டியா ஜெசிந்தா?"

முதலில் மூடுபனியைத் திட்டினேன்.
இந்த ஊரில் எதற்கும் அதுதான் முதல் குற்றவாளி,
துணி காயாததற்கு, பஸ் வராததற்கு.
பிறகு தகரக் கூரையை.
பிறகு வேலியை உரசி நின்ற காட்டெருமையை.
ஒரு டன் மாமிசத்தைத் துளைத்து எந்த அலை வரும்?
ரவுட்டர் இருப்பது என் முதுகுக்குப் பின்னால்,
காட்டெருமை ஜன்னலுக்கு வெளியே.
கோபத்துக்குத் திசை தெரியாது.

போஜன் வந்தான், கம்பளித் தொப்பியோடு.
ஃபைபரில் வெளிச்சம் பார்த்தான்.
"லைன் சுத்தமா இருக்குக்கா."
உட்காரக்கூட இல்லை. கட்டபெட்டில்
மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கிறதாம்.
அறுந்தால் சுலபம். அறுந்தது தெரியும்.

ராத்திரி பதினொன்றரைக்குக்
கறுப்புத் திரையைத் திறந்து
ரவுட்டரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.
இருக்கியா? இரண்டு மில்லிசெகண்டு.
இருக்கியா? மூன்று.
இருக்கியா? இரண்டு.
இருக்கியா?

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

எட்டடி. நடந்தே போய்க் கேட்டிருப்பேன் அதற்குள்.

சேனலை மாற்றினேன்.
டிரைவரைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.
மின்சேமிப்பை அணைத்தேன்.
பாவம், மைக்ரோவேவின் பிளக்கைக்கூடப் பிடுங்கினேன்.
இரண்டு, மூன்று, இரண்டு, ஆயிரத்துச் சொச்சம்.

பழைய ஏலப் பட்டியலின் பின்பக்கத்தில்
நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தேன்.
12:06:14
12:07:14
12:08:14

மூடுபனிக்குக் கடிகாரம் கிடையாது.
காட்டெருமைக்கும் கிடையாது.
நிமிஷத்துக்கு ஒருமுறை, தவறாமல்,
யாரோ எழுந்து போகிறார்கள்.

லேப்டாப்தான்.
தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள
நிமிஷத்துக்கு ஒருதரம் பிடித்த கையை விட்டுவிட்டு
மலை முழுக்க வேறு ரவுட்டர்களைத் தேடிப் போயிருக்கிறது.
சரிவில் தேயிலை.
தேயிலைக்கு அப்பால் சில்வர் ஓக்.
அதற்கப்பால் எவரும் இல்லை.
ஒன்றரை நொடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து
ஒன்றுமே நடக்காததுபோல்
இரண்டு என்கிறது.

இருப்பிடம் என்ற பொத்தானை இடப்பக்கம் தள்ளினேன்.
நாம் எங்கே இருக்கிறோம் என்பது
எனக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு. இரண்டு. மூன்று. இரண்டு.
பார்த்துக்கொண்டே மேசையில் தூங்கிவிட்டேன்.

காலையில் வரிகளை மேலே உருட்டினேன்.
ஒன்றே ஒன்று பிசகியிருந்தது,
நான்கு பத்துக்கு, எண்ணூற்று அறுபது.
காரணம் தெரியவில்லை. தேடவும் இல்லை.
வேலியோர ஈரமண்ணில் குளம்புத் தடம்.
அதன் கணக்கில் எழுதிவிட்டு
ஏலத்துக்கு உட்கார்ந்தேன்.