எழுத்துப் பிழை

கதைப் புத்தகத்தில் முதலில் பிணம் விழும்,
பிறகுதான் ஆளாளாய்ச் சந்தேகம்.
வெள்ளவத்தையில் எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.
தியாகலிங்கம் லொட்ஜில் தங்கிய பதினொரு பேரும்
அவர் சாவதற்கு மூன்று கிழமை முன்னமே
ஸ்டேஷனில் பதியப்பட்டிருந்தார்கள்:
பெயர், பிறந்த ஊர், வந்த காரணம்,
எப்போது திரும்புவாய்.
கடைசிக் கேள்விக்கு எல்லாரும்
ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள்,
விசா வந்ததும்.

பிணம் மட்டும் பாக்கி.
அது ஒரு வியாழன் இரவு, மழையோடு,
மாடியில் வரவேற்பு மேசைக்கடியில் கிடைத்தது.
சாவிப்பலகையில் எல்லாச் சாவியும் தொங்கின.
லாச்சி திறந்து கிடந்தது. காசு இருந்தது.
கொப்பிதான் இல்லை,
மாசாமாசம் யாருக்கு எவ்வளவு என்று
அவர் குறித்து வைக்கும் சின்ன நீலக் கொப்பி.
கடற்கரைக் கோச்சி போன சத்தத்தில்
ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள் பதினொரு பேரும்.

நான் மொழிபெயர்ப்பாளன். நிலாம்தீன்.
சொந்த ஊர் சம்மாந்துறை.
இன்ஸ்பெக்டர் வெலிகலவுக்கு நான் தமிழ் ஆள்,
அந்தப் பதினொரு பேருக்கு நான் பொலிஸ்,
வீட்டில் ஆறிப்போன சோற்றுக்கு மட்டும் நிலாம்.

மாரியாயிக்குக் கேட்டிருந்தது.
பண்டாரவளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள்,
லொட்ஜில் கக்கூசு கழுவுபவள்,
அவளை யாரும் பதியவில்லை.
படிக்கட்டடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாளாம்.
மேலே ஒரு குரல், ஒரேயொரு சொல்.
சொல்லிக் காட்டு, என்றேன்.
வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
தோளை அகட்டிச் சொன்னாள்:
பலயங்.

பாரடா என்று அர்த்தம், யாருக்கும் தெரியும்.
அவள் சொன்ன முதலெழுத்துத்தான் விசயம்.
அடிவயிற்றில் உருண்டு
உதட்டில் வெடிக்காமல் வழிந்தது.
கிளிநொச்சிக்காரனுக்கு அது வராது,
சங்கானைக்காரனுக்கு வராது,
இருபது வருசம் இந்த ஊரில் இருந்தும்
அவசரத்தில் எனக்கே வராது.
எண்பத்து மூன்றில் பஸ்ஸை மறித்தவர்கள்
ஒரு வாளியைக் காட்டிப் பெயர் கேட்டது
அந்த ஓசைக்காகத்தான்.
அதே ஓசை இன்றைக்குப்
பதினொரு பேரை அறைக்கு அனுப்பிவிடும்
என்று நினைத்தேன். சந்தோசமாகக்கூட இருந்தது.

வாக்குமூலத்தைத் தமிழில் எழுதினேன்.
பலயங்.
அவ்வளவுதான். பாணின் ப, பஸ்ஸின் ப,
எல்லாம் ஒரே ப.
இந்தக் கொலைகாரனைப் பிடிக்கத் தமிழுக்குக் கை போதாது.
சிங்களத்தில் அதற்கு இரண்டு எழுத்து,
நாலு என்பார்கள் பண்டிதர்கள்.
சரியானதைப் பார்த்து எழுதி,
வகுப்பில் முதலாம் பிள்ளை மாதிரி
தாளைத் திருப்பி வைத்தேன்.

வெலிகல வாசித்தார். நல்ல மனிசன்,
நோன்பு காலத்தில் ஐந்து மணிக்கே என்னை அனுப்புபவர்.
ஏழாம் அறைக் கேதாரன் ஏற்கனவே
உள்ளே குந்தியிருந்தான், ஒற்றைச் செருப்போடு.
"நிலாம், உங்கட ஆக்களுக்கு
இந்த எழுத்து எப்பவும் பிழைக்குதே"
என்று சிரித்து,
சிவப்புப் பேனையால் வெட்டி
மற்றதை மேலே எழுதினார்.

திருத்திய இடத்தில் இரண்டு பேர்
சுருக்கொப்பம் வைக்க வேண்டும்.
அவர் வைத்தார்.
தேத்தண்ணி வந்தது. சீனி கூட.
நானும் வைத்தேன்.

மாரியாயிக்கு வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
தமிழ்ப் பிரதியில் ஒன்றும் மாறவில்லையே,
அதைத்தான் வாசித்தேன்.
என் வாயில் அந்தச் சொல்
எப்படி வந்ததென்று தெரியாது.
ஆமாங்க, அதேதான், என்று
பெருவிரலை மையில் அழுத்தினாள்.

பத்தொன்பது வருசம்.
மாளிகாவத்தை ஃபிளாட்டில் சவரம் செய்யும்போது
கண்ணாடிக்கு அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.
குரல்வளையில் இரண்டு விரல் வைத்தால்
வாய் திறக்கு முன்னமே
ஓர் எழுத்துக்கு அதிரும்,
மற்றதற்குச் சும்மா இருக்கும்.
பிளேட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன்.
அதிர்கிறது.
இப்போது எனக்கு நன்றாக வருகிறது.