பிழையில்லாத ஒரே சொல்

மோன்தேவிதேயோவில் ஆகஸ்டு என்றால் குளிர்.
பதினேழு பேர் கையுறையைக் கழற்றிவிட்டுத்
தேர்வு எழுதினார்கள்.
துறைமுகத்துக் கம்பளிக் கிடங்கில் தீ என்று வைத்துக்கொண்டு
இருநூறு சொல்லில் செய்தி.
கிரிசெல்தா ஒல்மேதோவின் தாளை
இரண்டு தடவை படித்தேன்.
காவலாளியின் நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது என்பதுவரை
நேரில் போய்க் கேட்டவள்போல் எழுதியிருந்தாள்.

பதினெட்டாவதாக வந்தவன் பேனா கேட்டான்.
நான்தான் கொடுத்தேன்.
கால்மணியில் எழுந்து மாடிக்குப் போய்
மாமா என்று கதவைத் தட்டினான்.

அடுத்த திங்கள் அவனுடைய முதல் செய்தி
என் மேசைக்கு வந்தது.
தெருவின் பெயர் தப்பு, தேதி தப்பு,
செத்தவர் பெயரே தப்பு.
சிவப்பு மை தீரத் தீரத் திருத்தினேன்.
பிழையில்லாத ஒரே சொல்
மேலே தடித்த எழுத்தில் அவன் குடும்பப்பெயர்:
இத்துரால்தே.
முதல் பக்க உச்சியிலும் அதேதான்,
நிறுவியவர், நடத்துபவர், வெளியிடுபவர்.

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.
தொண்ணூற்றொன்றில் இந்த நாற்காலி எனக்குக் கிடைத்ததும்
அச்சுக்கூடத்தில் இருந்த மைத்துனன் சொல்லித்தானே.
அன்றைக்கு எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்று
நான் யாரையும் கேட்டதில்லை.

பேனா இன்னும் திரும்பி வரவில்லை.