இடப்பக்கம் அரைச் சுற்று

தெர்மோஸ்டாட்டிடம் இருபத்திரண்டு கேட்டேன்.
பதினாறுக்கு மேல் தர மாட்டேன் என்கிறது.
மூன்று நாளாய் இதே பேரம்.

வினிபெக்கில் இன்னும் பனி விழவில்லை.
தேங்காயெண்ணெய் மட்டும்
ஜன்னலோரம் உறைந்து, வெளுத்து,
தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ரொமெல் ஃபோனை எடுத்தார்.
"நாற்பத்தெட்டு வீடு, நான் ஒரே ஆள்.
வியாழக்கிழமை வருகிறேன்."
எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை.

காய்ச்சல் பார்ப்பதுபோல்
ரேடியேட்டரைப் புறங்கையால் தொட்டேன்.
கீழே சூடு. மேலே சில்லிப்பு.
உள்ளே எங்கோ காற்று சிக்கிக்கிடக்கிறது.

அதற்கென்று ஒரு சாவி உண்டாம்.
என்னிடம் இருந்தது
தையல் மிஷினோடு வந்த குட்டித் திருப்புளி.
முழங்காலிட்டு
இடப்பக்கம் அரைச் சுற்று.

ஒன்றுமில்லை.
பிறகு உஸ்ஸென்று,
பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ வைவதுபோல்,
நிற்கவே நிற்காமல்.

போன ஏப்ரலில் அடைபட்ட காற்றாக இருக்கும்.
அப்போது இந்த வீட்டில் இரண்டு பேர்.
வால்வை மூடியது நீயா நானா என்று
சண்டை போட இப்போது ஆளில்லை;
நானாகவே இருக்கட்டும்.

காற்று தீர்ந்து தண்ணீர் வந்தது,
டிகாக்ஷன் நிறத்தில், இரும்பு வாடையோடு.
டம்ளரில் பிடித்தேன்.
பாதி சாக்ஸில்.

மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
குழாய்க்குள் யாரோ படியேறினார்கள்,
டொக், டொக்.

கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால்
அவள் கூரையை, என் தரையை, இடித்தாள்.
நன்றியா, வசவா?
டம்ளரைக் கவிழ்த்துவிட்டு
குழாயில் இரண்டு தட்டு தட்டினேன்.

பதினேழு.