பழி ஓரிடம்

இக்னிஷனைத் திருப்பினால்
டேங்கின் அடிவயிற்றில் இரண்டு நொடி முனகல்.
பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம்.
அது கேட்டால் வண்டி ஓடும்.
பாதி வழியில் அது ஓய்ந்துபோகும் நாட்களில்
டெக்காவுக்கும் எஸ்கெலுக்கும் நடுவே
காற்றும் நானும்
பனியளவு எழுதும் நோட்டுப்புத்தகமும்தான்.

பட்டறையில் நிறுத்தினால் பரம சாது,
டாக்டர் வாசலை மிதித்ததும்
காணாமல் போகும் பல்வலி மாதிரி.
மீட்டர் முனைகளை வைத்தோம்: பன்னிரண்டரை வோல்ட்.
ரிலே சொடுக்கியது.
ஃபியூஸ் கம்பி அறுபடவில்லை.
ஒயர் கட்டை ஒவ்வொரு சாணாக அசைத்துப் பார்த்த இல்தோ
"வண்டிக்கு ஒன்றுமில்லை, நெரிஸ்" என்றான்.
மீதியைச் சொல்லாமல் என்னைப் பார்த்தான்.

முதலில் பம்பைத்தான் பிடித்தேன்.
மூன்று மாதச் சேமிப்பில் புதியது பூட்டி
பழையதைத் துணியில் சுற்றி
மேசை இழுப்பறையில் தள்ளினேன்.
நான்காம் நாள்
அதே சரளைப் பாதை, அதே மௌனம்.

அப்புறம் எவரிஸ்தோ.
"உன் பெட்ரோலில் தண்ணீர்" என்று
அவன் பங்க்கிலேயே, லாரிக்காரர்கள் பார்க்க,
ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன்.
அடியில் எதுவும் பிரிந்து நிற்கவில்லை.
நிற்காததைப் பார்த்துக்கொண்டே கத்தினேன்.
அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
துடைக்க ஒன்றுமில்லாத கையை.

பிறகு இரண்டு மாதம்
அறுபது கிலோமீட்டர் சுற்றிப்போய் பெட்ரோல் போட்டேன்.
அந்தப் பெட்ரோலிலும் நின்றது.

ஒரு ஞாயிறு,
உடைந்த இண்டிகேட்டரிலிருந்து பல்ப் ஒன்றைக் கழற்றினேன்.
பம்புக்குப் போகும் இரண்டு ஒயரிலும் அதன் கால்களைக் கட்டி
ஸ்பீடோமீட்டர் அருகே டேப் போட்டு ஒட்டினேன்.
எரியும்போதே வண்டி நின்றால் பம்ப் குற்றவாளி.
அணைந்து நின்றால்
வழியில் எவனோ.

மூன்று நாள் எரிந்தது.
கண் ரோட்டில் பாதி, பல்பில் பாதி.
ஒரு குவானகோ வேலி தாண்டியதைக்கூட
கடைசி நொடியில்தான் கண்டேன்.
நான்காம் நாள் அந்தி,
எஞ்சின் நன்றாகச் சூடேறி, சரளை தொடங்கிய இடத்தில்
பல்ப் அணைந்தது.
ஒரு மூச்சு கழித்து எஞ்சின் இருமியது.

ஆக, புதிய பம்பும் நிரபராதி, பழையதும்.

பல்பின் ஒரு காலை
கறுப்பு ஒயரிலிருந்து பிடுங்கி
பேட்டரியின் நெகட்டிவில் நேராக மாட்டினேன்.
பத்து நிமிடம் கழித்து உயிர் வந்தது,
பதினெட்டு கிலோமீட்டரில் மறுபடி போனது.
இந்த முறை வண்டி செத்துக் கிடக்க
பல்ப் மட்டும் எரிந்தது,
இமைக்காமல், என்னையே பார்த்து.

வரவேண்டியது வருகிறது.
திரும்பிப் போகத்தான் பாதை இல்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சீட்டைத் தூக்கினேன்.
சட்டத்தில் எர்த் ஒயர் பூட்டிய இடம்.
போல்ட் இறுக்கம்தான்.
கழற்றினால், வளையத்துக்கு அடியில்
வழவழவென்று நீலப் பெயின்ட்.

சென்ற வசந்தத்தில்
சட்டம் முழுக்க நீலம் பூசியவள் நான்.
காயும்வரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு
அதன் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியவளும் நான்.
போல்ட்டின் மரையைப் பற்றிக்கொண்டு
இத்தனை நாள் அது ஓடியதுதான் அதிசயம்.

கத்தி முனையால் சுரண்டினேன்.
இரும்பு வெளுத்துத் தெரிந்தது.
கிரீஸ் ஒரு விரல், போல்ட் நாலு சுற்று.
சாவியைத் திருப்பினேன்.
முனகல்.

மறுநாள் எவரிஸ்தோவின் பங்க்.
வாயில் வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.
"நிரப்பவா?" என்றான்.
தலையாட்டினேன்.
"அது என்ன பல்ப்?"
அதற்குப் பிறகுதான் சொன்னேன்,
ஒயர், வளையம், பெயின்ட், எல்லாம்,
லாரிக்காரர்கள் அன்று கேட்ட அதே சத்தத்தில்.

எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவன்
கடைசியில் சொன்னான்:
"அந்த நீலம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை."
ஒரு சொட்டு சிந்தாமல்
விளிம்புவரை நிரப்பினான்.

இழுப்பறையில் இருப்பதிடம்
இன்னும் சொல்லவில்லை.