இன்னொண்ணு

லிஃப்ட் பொங்கலுக்கு முன்னாடியே நின்றுபோனது.
வியாசர்பாடி, சி பிளாக், நாலாவது மாடி.
அதனால் எங்கள் கணக்குப் பாடம்
படிக்கட்டில்தான்.

ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி.
ஜோவிதாவுக்குத் தெரிந்தது பதிமூன்று வரை.
அதிலும் ஏழு
சில நாள் வரும், சில நாள் லீவு.

சொல்லிக்கொடுக்க நான் யார்?
பத்தாவதில் கணக்கில் முப்பத்து நாலு.
ஒன்று என்பது எவ்வளவு பெரியது என்று
எனக்குத் தெரியும்.

காலையில் பாலை ஊதிக்கொண்டே
"சூடா இருக்கு, ஆறட்டும்" என்றேன்.
டம்ளரையே பார்த்தாள்.
"ஆறினதுக்கப்புறம் ஏழுமா?"

கொடியில் துணி கிளிப்புகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவாள்.
எட்டு கிளிப், ஒன்பது வரும்.
சிவப்பை மட்டும் இரண்டு தடவை தொடுகிறாள்,
கணக்குக்கு ஒரு தடவை
பிடித்ததற்கு ஒரு தடவை.
திருத்தப் போய்
கையை இழுத்துக்கொண்டேன்.

குக்கரில் மூன்று விசில் எண்ணச் சொல்லிவிட்டு
தலை வாரிக்கொண்டிருந்தேன்.
"மூணாச்சும்மா!"
அணைத்தேன்.
தட்டில் சோறு அரிசியாகவே நின்றது.
பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது:
ஒன்று எங்களுடையது,
ஒன்று எதிர்வீட்டு ஷகீலாவுடையது,
இன்னொன்று
பேசின் பிரிட்ஜ் பக்கம் போன ரயில்.
அவள் எண்ணியதில் தப்பில்லை.
எதை எண்ணணும் என்று
நான்தான் சொல்லவில்லை.

அன்றைக்குப் புரசைவாக்கத்தில் என் பில்லிங் கவுன்ட்டரில்
நூற்று நாற்பது ரூபாய் குறைந்தது.
மூன்று முறை எண்ணினேன்.
எச்சில் தொட்டு, தொடாமல்,
பத்து பத்தாக அடுக்கி.
சூப்பர்வைசர் ஒரே முறை எண்ணினார்.
"உங்க கணக்குல எழுதிக்கறேன்மா."

ராத்திரி, கீழ்வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும்
மேகலாவிடமிருந்து அவளைக் கூட்டிக்கொண்டேன்.
ஒரு கையில் அஞ்சு கிலோ அரிசி,
தோளில் பை,
வாயில் ஒரு வார்த்தை இல்லை.
விரலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.
ஏழு வந்துவிட்டது இன்றைக்கு.
பதினொண்ணு. பன்னெண்டு. பதிமூணு.
வழக்கமாக அங்கே நிற்பாள்,
மிச்சத்தை நான் சொல்லணும்.
நான் சொல்லவில்லை.
பதினாலு எங்கே இருக்கிறதென்று
எனக்கே அந்த நேரம் தெரியவில்லை.

அவள் காலைத் தூக்கினாள்.
"இன்னொண்ணு."
அடுத்த படி.
"இன்னொண்ணு."
யாரும் சொல்லித் தரவில்லை இதை.
"இன்னொண்ணு. இன்னொண்ணு. இன்னொண்ணு.
வந்தாச்சு!"

இரண்டாவது மாடியில் மறுபடி ஒண்ணிலிருந்து.
மூன்றாவது மாடியில் பல்பு ஃபியூஸ்.
என் விரலை விட்டுவிட்டு
முன்னால் போய்விட்டாள்.
இருட்டில் அவள் தெரியவில்லை,
எண் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.
அரிசியைக் கை மாற்றிக்கொண்டு
அந்தச் சத்தத்தின் மேல் கால் வைத்து ஏறினேன்.

காலைச் சோற்றில் தண்ணீர் விட்டு
மறுபடி குக்கரை ஏற்றினேன்.
சமையல் மேடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.
ஒண்ணு, என்றாள்.
எதிர்வீட்டில் ஒரு விசில் அடித்தது.
விரலை மடக்கப் போய், நிறுத்தி,
என்னை அண்ணாந்து பார்த்தாள்.
"அது நம்ம கணக்குல இல்ல."

இல்லை, என்றேன்.

ரெண்டு வந்தது.
மூணுக்காக
இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.